சொல்லுக்கு நாலு வசனம்

மயிலிட்டியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவனுக்குப் பெரிய சொற்களால் தலையிடி வருவதில்லை. நங்கூரத்துக்கும் வெளிச்சவீட்டுக்கும் ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். எஞ்சினோடும் போட்டோடும் வந்த சொற்கள் ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கின்றன. பொருள் ஒன்று, பெயர் ஒன்று, குழப்பம் இல்லை. சிக்கல் தொடங்குவது ‘கெற்’, ‘ரேக்’, ‘புற்’, ‘ஹாவ்’, ‘மேக்’ போன்ற சின்னச் சொற்களில். ஆறாம் தரப் பிள்ளைக்கும் இவை தெரியும். சாதாரண தரச் சோதனை எழுதி முடித்தவருக்கும் இவை சரியாகத் தெரியாது. கருத்துக் கேட்டால் உடனே சொல்வார்கள்: ‘ரேக்’ என்றால் எடு, ‘புற்’ என்றால் வை, ‘கெற்’ என்றால் பெறு. சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு ஒரு வசனம் எழுதச் சொல்லும்போதுதான் சறுக்கும். சாதாரணச் சொல் கருத்துக்குள் அடங்காது, வசனங்களுக்குள்தான் அடங்கும். அந்த வசனத்தின் பக்கத்தில் பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழ் இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு வசனம் காணாது, குறைந்தது நாலு வேண்டும். இந்தத் தொழில் எனக்குப் படிப்பித்தது இவ்வளவுதான். சொல்வதற்குச் சின்ன விஷயம். நிறுவுவது அவ்வளவு சுகமில்லை. எங்கள் ஆசிரியர்களிடையே இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை பல, அவற்றில் சில நியாயமானவையும்கூட.

முதலில் எண்களைப் பார்க்கலாம். அமெரிக்காவின் பிறவுன் பல்கலைக்கழகத்தில் 1961ஆம் ஆண்டு வெளியான எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் சொற்களைத் திரட்டி எண்ணினார்கள். வெறும் 135 சொற்கள் அந்தத் திரட்டின் பாதியை நிரப்பின. ‘த’ என்ற ஒரு சொல்லே நூற்றுக்கு ஏழு பங்கு. அதற்கு முன்னரே, 1953இல், மைக்கல் வெஸ்ற் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலை வெளியிட்டிருந்தார். வெஸ்ற் இலண்டனில் இருந்துகொண்டு யோசித்தவர் அல்லர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகளின் இருமொழிப் படிப்பைப் பற்றி 1926இல் ஒரு நூல் எழுதியவர். அவருடைய பட்டியலில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் வெவ்வேறு கருத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று எழுதி, பக்கத்தில் உதாரணங்களும் கொடுத்திருக்கிறார். பட்டியலைப் பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் உதாரணங்களை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரியூட்டரிகளின் வாசலில் விற்கிற சொற்கொப்பிகள் அந்த வழியில் வந்தவைதான். ஆயிரம் சொல், ஆயிரம் கருத்து, வசனம் ஒன்றும் இல்லை. வெஸ்ற் கட்டிய வீட்டின் சுவரை விட்டுவிட்டுக் கதவிலக்கங்களை மட்டும் கொண்டுபோன கதை அது.

‘ரேக்’ என்ற சொல்லுக்கு ஒரு கொப்பிப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இடப்பக்கம் ஆங்கில வசனம், வலப்பக்கம் தமிழ். வலப்பக்கத்தை மட்டும் இங்கே வாசிக்கிறேன். ‘சாப்பிட்ட பிறகு குளிசையைப் போடு.’ ‘செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா.’ ‘யாழ்ப்பாணம் போக ஒரு மணித்தியாலம் செல்லும்.’ ‘துறைமுகத்தில நிண்டு ஒரு படம் எடு.’ ‘அண்ணா இந்த வரியம் சோதனை எடுக்கிறார்.’ ‘வலையைக் கொண்டுபோய் அப்பாட்டைக் குடு.’ ஆறு வசனங்களிலும் ஆங்கிலத்தில் ‘ரேக்’தான் வேலை செய்கிறது. தமிழில் போடு, கழட்டு, செல்லும், எடு, கொண்டுபோ என்று ஐந்து வினைகள். படத்துக்கும் சோதனைக்கும் தமிழும் எடு என்றே சொல்வதால் அந்த இரண்டும் பிள்ளைக்குச் செலவில்லாமல் கிடைத்துவிடும். மற்றவற்றை உழைத்துத்தான் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் போன் எடுப்போம், சத்தி எடுப்போம். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ரேக்’ வராது. ‘அண்ணா கனடாவில இருந்து போன் எடுத்தவர்’ என்ற வசனத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் ‘மை பிறதர் ரூக் போன்’ என்றே பிள்ளை எழுதும். ‘ரேக் என்றால் எடு’ என்று மனப்பாடம் செய்தவர் செய்யக்கூடிய மிக ஒழுங்கான பிழை இது. கருத்தைத் தவறாமல் படித்ததனால் வந்த பிழைக்கு அந்தக் கருத்தையே இன்னொருமுறை படிப்பிப்பது மருந்தாகாது.

இதே முறையில் ஆங்கிலம் படிக்கிற இன்னொரு பெருங்கூட்டம் இந்தோனேசியாவில் இருக்கிறது. சாதாரண ஆங்கிலச் சொல்லொன்று, அதற்கு உதாரண வசனங்கள், ஒவ்வொன்றின் கீழும் இந்தோனேசிய மொழிபெயர்ப்பு என்று அடுக்கிக் கொடுக்கிற வழக்கம் அங்கே சாதாரணம். கப்பலை ‘கப்பால்’ என்றும் கடையை ‘கெடாய்’ என்றும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட மொழி அது. அவர்களுடைய அனுபவத்தை எங்களுடையதோடு ஒப்பிட்டால் எது எல்லோருக்கும் பொது, எது தமிழருக்கு மட்டும் உரியது என்று பிரித்துப் பார்க்கலாம். இந்தோனேசிய வசனத்தின் ஒழுங்கு ஆங்கிலத்தைப் போன்றது: முதலில் ஆள், பிறகு செயல், பிறகு பொருள். ‘அண்ணா காலமை துறைமுகத்தில மீன் வாங்கினவர்’ என்பதை அந்த இரண்டு மொழிகளிலும் எழுதி ஒன்றன்கீழ் ஒன்று வைத்தால் சொற்கள் கிட்டத்தட்ட நேருக்கு நேர் வரும். தமிழில் வினை கடைசிக்குப் போய்விடும். நடுவில் உள்ளவையும் தலைகீழாகும். ஆகவே ஜாவாவில் இருக்கிற மாணவர் வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தாலும் ஓரளவு தப்பிக்கொள்ளலாம். மயிலிட்டி மாணவருக்கு அந்த வசதி இல்லை. வசனத்தை முழுதாக எடுத்தால்தான் தமிழ் எங்கே முடிகிறது, ஆங்கிலம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். சொற்பட்டியல் யாருக்கும் நல்லதில்லை என்றாலும் எங்களுக்கு அது செய்கிற கேடு கூட.

வேறு இடங்களில் தமிழும் இந்தோனேசியமும் ஒரு பக்கமாக நிற்கும். மருந்தை அவர்களும் ‘குடி’ப்பார்கள், பஸ்ஸில் அவர்களும் ‘ஏறு’வார்கள், ஆங்கிலத்துக்கு இரண்டுமே ‘ரேக்’. காலத்தின் கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவு. இந்தோனேசிய வினை காலத்துக்காக உருமாறாது. முடிந்த காரியத்தைக் காட்ட ‘சூடா’ என்ற சொல்லை வினையின் முன்னால் வைப்பார்கள். ஆங்கிலம் ‘ஹாவ்’ என்பதை வைக்கிறது. நாங்கள் ‘விடு’வை வினையோடு ஒட்டிச் ‘சாப்பிட்டிட்டன்’, ‘போட்டார்’ என்கிறோம். மூன்று மொழிகளும் ஒரே வேலையை மூன்று கருவிகளால் செய்கின்றன. ‘ஹாவ்’ என்ற சொல்லுக்குத் தனியே கருத்து எழுதப் புறப்பட்டால் ‘வைத்திரு’ என்று எழுத வேண்டிவரும். அதை வைத்துக்கொண்டு ‘ஐ ஹாவ் ஈற்றன்’ என்ற வசனத்தை எந்தப் பிள்ளையாலும் விளங்க முடியாது. ‘நான் சாப்பிட்டிட்டன்’ என்று பக்கத்தில் எழுதிவிட்டால் முற்றுநிகழ்காலம் என்ற பெயரையே சொல்லாமல் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலக்கணம் விளக்கப் புறப்படும்போது விளக்கப்படுகிற வசனங்கள் பிள்ளையின் வாயில் ஏற்கனவே இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கேதான் வலப்பக்கத்துத் தமிழ் எந்தத் தமிழ் என்ற கேள்வி வருகிறது. அச்சில் வருகிற புத்தகங்களில் ‘தந்தை கடலுக்குச் சென்றுள்ளார்’ என்று இருக்கும். மயிலிட்டியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அப்பா தொழிலுக்குப் போட்டார்’ என்பார்கள். தொழில் என்றாலே கடல்தான். ‘சென்றுள்ளார்’ என்பதைப் பார்க்கிற பிள்ளை அதையும் ஒரு புதுமொழி போலப் படிக்கிறது. தெரியாத ஆங்கிலத்தைத் தெரியாத தமிழோடு கட்டிவைக்கிறோம். ‘போட்டார்’ என்று எழுதினால் ஒரு முனை உறுதியாக நிற்கும். ‘இன்னும் வரேல்லை’ என்று எழுதினால் ஆங்கிலத்தின் ‘நொற் யெற்’ என்ற இரண்டு சின்னச் சொற்களும் எங்கே உட்கார வேண்டும் என்று விளக்கம் இல்லாமலே விளங்கும். பேச்சுத்தமிழை எழுதினால் தமிழ் கெட்டுப்போகும் என்று தமிழ் படிப்பிக்கிற நண்பர்கள் கோபிப்பார்கள். அவர்களுடைய பாடத்தில் செந்தமிழ் எழுதப் பழக்குவது அவர்களுடைய கடமை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆங்கிலக் கொப்பியின் வலப்பக்கம் தமிழ்ப் பாடம் இல்லை. பிள்ளையின் மனதில் எண்ணம் எந்த வடிவில் எழுகிறதோ அந்த வடிவம் அங்கே இருக்க வேண்டும். ஆங்கிலம் பேச வேண்டிய நேரத்தில் எழுகிற எண்ணம் ‘சென்றுள்ளார்’ என்று எழுவதில்லை.

இந்த இரண்டு பத்தி முறை எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் பக்கத்துத் தெல்லிப்பழையில் வந்து இறங்கினார்கள்; 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள்; 1841இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையைத் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் வேரூன்றியது தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்து அன்று. உடுவிலில் இருந்த மிரன் வின்சிலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தபோது அதில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. அகராதியைக் கொண்டாடுகிற பழக்கம் எங்களுக்கு அப்போதிருந்தே உண்டு. நாவலரைத் துணையாகக்கொண்டு விவிலியத்தை மொழிபெயர்த்த பீற்றர் பேர்சிவல் செய்த இன்னொரு வேலையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அவர் திரட்டினார். 1874இல் சென்னையில் அது அச்சானது. பழமொழி என்பது முழு வசனம். தமிழ் கற்க வந்த வெளிநாட்டவருக்கு அந்தப் புத்தகம் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால், தமிழ்ப்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்கிற புத்தகம் ஏன் இல்லை என்ற கேள்வி தானாக வரும். அகராதி சந்தேகம் தீர்க்க உதவும். பேச உதவுவது மனதில் தயாராக இருக்கிற வசனம்.

இதை முறையாகவே சொன்னவரும் எங்கள் பக்கத்தில் வேலை பார்த்தவர்தான். மதராஸ் சிவில் சேவையில் இருந்த தோமஸ் பிறெண்டர்காஸ்ற் ஓய்வு பெற்றுப் போன பின்னர் 1864இல் மொழிகளில் தேர்ச்சி அடைவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாதாரணச் சொற்களை நிறையக் கோத்த வசனங்களை மொழிபெயர்ப்போடு மனதில் ஏற்றி, பிறகு அவற்றின் உறுப்புகளை மாற்றி மாற்றிப் புது வசனங்கள் செய்வது அவருடைய முறை. கடற்றொழிலாளர் ஊரில் இருப்பவருக்கு இதைவிடக் கிட்டிய சான்றும் உண்டு. வெவ்வேறு மொழி பேசுகிற மாலுமிகள் வானொலியில் ஒருவரையொருவர் தவறாக விளங்கிக்கொண்டால் உயிர் போகும். அதற்காகச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஒரு தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதில் இருப்பவை பெரும்பாலும் முழு வசனங்கள். ‘நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்’, ‘எனக்கு உதவி வேண்டும்’, ‘நீங்கள் நிற்கிற இடம் எது’ என்பவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆங்கில வடிவம். சுருக்கி எழுதுவது இல்லை, ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இல்லை. சொல்வது கேள்வியா, எச்சரிக்கையா, தகவலா என்று முன்கூட்டியே அறிவிக்க எட்டு அடையாளச் சொற்களும் உண்டு. உயிர்போகிற இடத்தில் ஆங்கிலம் தேவைப்பட்டவர்கள் சொற்களைக் கொடுத்து ‘நீங்களே கோர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விடவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவதும் பழையதும், மொழிபெயர்ப்பு பிள்ளையைத் தமிழிலேயே யோசிக்கவைக்கும், ஆங்கிலத்தை ஆங்கிலத்தால்தான் படிப்பிக்க வேண்டும் என்பது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பு நடந்த மொழிபெயர்ப்புப் பாடங்களில் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதும், வாய் திறக்காது. பழுது மொழிபெயர்ப்பில் இருந்ததா, வாய் திறக்க விடாததில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஹீ ரோல்ட் ரு மீ’ என்று எழுதுகிற பிள்ளைக்கு யாரும் தமிழில் விளக்கம் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசுகிற ஆசிரியரின் வகுப்பிலும் அந்தப் பிழை வரும். ‘எனக்குச் சொன்னார்’ என்ற தமிழ் மனதுக்குள் இருந்து அந்த ‘ரு’வைத் தள்ளிவிடுகிறது. பிள்ளை எப்படியும் மொழிபெயர்க்கப்போகிறது. கொப்பியில் நாங்கள் பார்க்க மொழிபெயர்த்தால் திருத்தலாம். மனதுக்குள் களவாக மொழிபெயர்த்தால் திருத்த வழியில்லை. ‘அவர் எனக்குச் சொன்னவர்’ என்பதையும் ‘ஹீ ரோல்ட் மீ’ என்பதையும் பக்கம் பக்கமாக வைத்தால், ‘கு’ உருபுக்கு ஆங்கிலத்தில் ஆள் இல்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். நன்கு பழகிய பிறகு தமிழ்ப் பத்தி தானாகத் தேவையற்றுப் போகும். ‘தாங்யூ’ சொல்வதற்கு இந்தத் தீவில் யாரும் நன்றியை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பதில்லை.

இந்த மறுப்புக்குப் பின்னால் சரித்திரமும் இருக்கிறது. இந்தோனேசியாவை ஆண்டவர்களின் மொழி டச்சு. 1928இல் இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியோடு இந்தோனேசிய மொழி தேசத்தின் மொழியாக நிமிர்ந்தது. ஆங்கிலம் அங்கே ஒரு வெளிநாட்டு மொழியாக மட்டும் வந்தது. அதனால்தான் ஆங்கில வசனத்தின் கீழே தங்கள் மொழியை எழுத அவர்களுக்குக் கூச்சம் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே ஆங்கிலம் ஆண்டவர்களின் மொழி; உத்தியோகமும் அந்தஸ்தும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்தைச் சிங்களத்தில் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பது சும்மா இல்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவது தகுதிக்குறைவு என்று நினைக்கிற ஆசிரியரிடம் பேசுவது கற்பித்தல் ஆராய்ச்சி இல்லை, அந்தப் பழைய அந்தஸ்து. அரசியலமைப்பு 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வைத்தது. இணைப்பதற்கு இரண்டு கரை வேண்டும். அதில் ஒன்று தமிழ்.

இரண்டாவது மறுப்பு கெட்டிக்காரத்தனமானது, ஆராய்ச்சியிலிருந்து வருவது. இஸ்ரேலில் பத்தியா லோஃபரும் கரன் ஷ்முயெலியும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழியில் கருத்துக் கொடுத்த சொற்களே நன்றாக நினைவில் நின்றன. அது என் பக்கம். அதே ஆய்வில் வெறும் பட்டியலாகக் கொடுத்த சொற்களும் வசனத்தில் கொடுத்த சொற்களும் நீண்ட பந்தியில் வந்த சொற்களைவிட நன்றாக நின்றன. இது பட்டியல்காரர் பக்கமும் சேர்த்து. ஸ்ரூவட் வெப் 2007இல் ஜப்பானிய மாணவரிடம் சொல்–கருத்து இணைகளையும் மொழிபெயர்ப்போடு கூடிய ஒற்றை வசனத்தையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் காணவில்லை. அப்படியென்றால் வசனத்துக்கு மினக்கெடுவது ஏன்? பட்டியல் விரைவாக முடியுமே? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. முடிவைக் கூர்ந்து பார்த்தால் அது என் வாதத்தைக் கூர்மையாக்குகிறது. ஒற்றை வசனம் ஒற்றைக் கருத்தைப் போன்றதே. ‘செருப்பைக் கழட்டு’ என்ற ஒரு வசனத்தை மட்டும் படித்தவருக்கு ‘ரேக்’ என்றால் கழட்டு. ‘எடு’ என்று படித்தவரைவிட அவர் ஒன்றும் மேலில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது வசனத்தில்தான் அந்தச் சொல் எங்கெங்கே போகும், யார் யாரோடு சேரும் என்பது தெரியத் தொடங்கும். நங்கூரத்துக்கு வசனம் வேண்டாம், பட்டியலே போதும்; அதை நான் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன். வசனத்துக்குச் செலவழிக்கிற நேரத்தைச் சாதாரணச் சொற்களுக்கே செலவழிக்க வேண்டும் என்பதுதான் வாதம்.

கொப்பியில் எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதும் இதோடு சேர்ந்தது. பெரும்பாலான பிள்ளைகள் இடப்பக்கத்து ஆங்கிலத்தை வாசித்து, வலப்பக்கத்துத் தமிழைப் பார்த்து, ‘விளங்கிட்டுது’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். விளங்குவது சுலபம். திசையை மாற்ற வேண்டும்: இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாயால் சொல்லி, பிறகு கையை எடுத்துச் சரிபார்ப்பது. மறந்துபோகிற வேகத்தை ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் பார்க்காமல் நினைவுகூர்வதே நாட்கணக்கில் நிற்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். செபஸ்ரியன் லைற்னர் 1972இல் விவரித்த அட்டைப்பெட்டி முறையும் இதற்கு வசதி: சரியாகச் சொன்ன அட்டை பின்னறைக்குப் போய் மெதுவாகத் திரும்பும், பிழைத்தது முன்னறையிலேயே நின்று நாளைக்கே திரும்பும். சோதனைப் பேப்பரின் அட்டையைச் சதுரமாக வெட்டினால் கடைக்குப் போகத் தேவையில்லை. இதில் தமிழ்ப் பத்திதான் கேள்வி, ஆங்கிலப் பத்தி விடை. மொழிபெயர்ப்பு ஊன்றுகோல் என்று ஏளனம் செய்கிறவர்கள், அது பரிசோதகராகவும் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது மறுப்பைப் பிள்ளைகளே சொல்வார்கள்: கையில் போன் இருக்கிறது, அது எந்த வசனத்தையும் மொழிபெயர்த்துத் தரும், பிறகு ஏன் இந்தப் பாடு? போன் நல்ல கருவி, மறுப்பதற்கில்லை. ‘இண்டைக்கு நீர் கடுமை’ என்றால் மயிலிட்டியில் அது கடலின் ஓட்டத்தைப் பற்றிய பேச்சு. கரையில் நின்று கேட்கிறவருக்கு அது தெரியும். சொற்களை மட்டும் பார்க்கிற கருவி தடுமாறலாம். நீரோட்டத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் மறுபக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. கருவி நாளுக்கு நாள் திருந்தும் என்பதால் இதை என் முக்கிய விடையாக வைக்கமாட்டேன். முக்கிய விடை வேறு. கருவி தந்த வசனம் சரியா பிழையா என்று சொல்வதற்கே அந்தச் சாதாரணச் சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.

நாலாவது மறுப்பு இந்த ஊரைப் பற்றியது. வலையும் வள்ளமும் அப்பா தொழிலுக்குப் போனதும் என்று வசனங்களை அமைத்தால் பிள்ளையை ஊருக்குள்ளேயே கட்டிப்போடுகிறோம். இலண்டன் ரயிலையும் பனிமழையையும் படித்தால்தான் உலகம் திறக்கும் என்று பெற்றோர் சிலர் நினைக்கிறார்கள். மயிலிட்டியை ஒரு ஊருக்குள் கட்டுப்பட்ட ஊர் என்று சொல்ல முடியாது. 1990 ஆனியில் போரால் வெளியேறிய சனம் 2017 யூலையில்தான் துறைமுகப் பக்கத்துக் காணிகளுக்குத் திரும்பக் காலடி வைத்தது. இடையில் இருபத்தேழு ஆண்டுகள் முகாம்களிலும் சொந்தக்காரர் வளவுகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் போயின. 2019 ஆவணியில் துறைமுகம் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்ட பிறகு தெற்கிலிருந்து பலநாள் படகுகளும் இங்கே வந்து கட்டுகின்றன. பெரியம்மா கனடாவிலும் மாமா பிரான்சிலும் இருக்கிற பிள்ளைக்கு உலகத்தை அறிமுகப்படுத்த ஆங்கிலப் புத்தகம் தேவையில்லை. உள்ளூர் வசனத்தை நான் தெரிவதற்கு ஊர்ப்பாசம் காரணம் இல்லை. வசனத்தில் தெரியாதது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அது ஆங்கிலமாக இருக்க வேண்டும். பனிமழை, ரயில்நிலையம், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து தெரியாமல் இருந்தால் எதில் இடறினோம் என்றே பிள்ளைக்குத் தெரியாது. அப்பா தொழிலால் திரும்பி வந்ததைச் சொல்லப் பழகிய அதே ‘கம் பாக்’தான் நாளைக்கு ரொறன்ரோவில் வேலையால் திரும்புவதற்கும் உதவும். வசனம் ஊரில் நிற்கும், சொல் ஊரை விட்டுப் போகும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகம் வாசிக்கவும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கவும் இது போதாது. உதவி இல்லாமல் பொதுவான நூல்களை வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006இல் போல் நேஷன் கணக்கிட்டார். அத்தனைக்கும் நாலு நாலு வசனம் எழுதப் புறப்பட்டால் ஆயுள் காணாது. அந்தத் தொகையை வாசிப்பால்தான் எடுக்க வேண்டும். வாசிக்கத் தொடங்குகிறவர் முதல் பக்கத்திலேயே சந்திக்கப்போவது அந்த 135 சொற்களைத்தான். அவற்றில் தடுக்குகிறவர் இரண்டாம் பக்கம் போகமாட்டார். கேட்பதும் பேசுவதும் தனியே பழக வேண்டியவை. கொப்பி அவற்றுக்கு மாற்று இல்லை. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழுகிற ஊரில் இருந்தால் இவ்வளவு ஒழுங்கும் தேவைப்படாமல் போகலாம். இங்கே ஆங்கிலம் ஒரு பாடநேரத்தோடு முடிந்து, மணி அடித்ததும் வாசலைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் இருந்தும் ‘நான் சாப்பிட்டிட்டன்’ என்பதைச் சொல்லத் தெரியாமல் ஒருவர் வெளியே வந்தால், குறைந்தது நேரத்தின் மேல் பழியைப் போட முடியாது.

ஆகவே கணக்கு இப்படி வருகிறது. வினைகளும் சின்னச் சொற்களுமாக 150ஐத் தெரிந்தெடுத்து, சொல்லுக்கு நாலு வீதம் எழுதினால் 600 வசனங்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 200. நாளுக்கு மூன்று வசனம். ஒரு ஆண்டுக்குள் முடியக்கூடிய வேலை. மீதி எட்டு ஆண்டுகள் வாசிப்புக்கும் பேச்சுக்கும் கிடைக்கும். ஆங்கிலப் பத்தியை யாரும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பஞ்சம் இல்லை. தமிழ்ப் பத்தியைக் கொழும்பிலோ சென்னையிலோ அச்சிட்டு அனுப்ப முடியாது. மயிலிட்டிக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று, மலையகத்துக்கு ஒன்று என்று அந்தந்த ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டவர்கள் இருந்து எழுத வேண்டும். அந்த 600 வரித் தமிழை எழுதிக்கொடுப்பதுதான் ஆங்கில ஆசிரியர் தன் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் வேலை.